ஒறுத்தல் என்று ஊர் சொன்னது

செவ்வாய்க்கிழமை முதல் பாடவேளையில் பியூன் வகுப்பு வாசலில் வந்து நின்றார். "வியாகுலம் டீச்சர் பூட்டாங்கம்மா" என்றார். மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்பது தெரியும். எப்படியும் திரும்பி வருவார் என்றுதான் இருந்தேன். கையிலிருந்த சாக்பீஸை எங்கே வைத்தேன் என்றுகூட நினைவில்லை.

வியாகுலமேரி அவர்கள் உறுவையாற்றுக்காரர். கிருமாம்பாக்கத்தில் எங்கள் பள்ளியில் என்னோடு வேலை பார்த்தவர். வாய்த்துடுக்கு உண்டு. "இன்ஸ்பெக்டருக்கு வணக்கம் வெச்சி வெச்சே கை நோவுது" என்று, ஆய்வுக்கு வந்த இன்ஸ்பெக்டர் காதிலேயே விழும்படி சொல்வார். சித்திரை வெயிலிலும் முழுக்கை ரவிக்கைதான். பஸ்ஸில் பின்சீட்டுப் பிள்ளைகள் சிரித்தால் மட்டும் பேச்சை நிறுத்திவிடுவார். உடம்பு விறைத்துப்போகும். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே சொன்னார்.

"எங்கம்மா வூட்ட வுட்டுப் போனப்ப எனக்குப் பத்து வயசு. நான் அம்மா சாடையில இருக்கறேன்னே எங்கப்பா அடிப்பாரு. பள்ளிக்கூடத்துக்குப் போனா பசங்க 'ஓடுகாலி மவ, ஓடுகாலி மவ'ன்னு வழி முச்சூடும் பின்னாலயே கத்திக்கினு வருவாங்க."

அது அறுபதுகள். யாரிடமும் சொல்ல வழியில்லாமல், பதின்மூன்று வயதில், தன் கையையே காயப்படுத்திக்கொள்ள ஆரம்பித்தார். அப்போது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். மாதா கோயிலுக்கு வந்த பெண்கள் கையைப் பார்த்தார்கள். ஆண்டவருக்காக உடலை வருத்தி ஒறுத்தல் செய்கிறாள் என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். அம்மா செய்த பாவத்துக்கு மகள் பரிகாரம் தேடுகிறாளாம். சிலுவைப்பாதையில் மெழுகுவர்த்தி பிடித்து முன்னால் நடக்கவும் விட்டார்கள்.

"அன்னிக்குத்தான் மொத மொத ஊரு என்ன நல்ல பொண்ணுன்னு சொல்லிச்சி. அப்புறம் எப்பிடி வுடறது, சொல்லு?"

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரே கூடி ஒரு பிள்ளையின் புண்ணைப் பாராட்டியிருக்கிறதே என்று பற்றிக்கொண்டு வந்தது. தவக்காலம் முடிந்தும் அவருக்கு அது முடியவில்லை. ஆசிரியப் பயிற்சிக்குப் புதுச்சேரி போய் விடுதியில் தங்கிய பிறகுதான் மெல்ல மெல்ல நின்றதாம். "கை வுட்டுடுச்சி. மனசு வுடல" என்றார். "நான் போனப்புறம் வேணா எழுது. யாராச்சும் ஒரு கொயந்தைக்கு ஆவும்" என்றும் சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் எட்டாம் வகுப்பில் செல்வி என்றொரு பெண். கரும்பு போடுகிற குடும்பம். பேச்சுத் திக்கும். வகுப்பே அவளைப் போலப் பேசிக்காட்டும். திக்கினால் வீட்டிலும் அடி. ஒருநாள் அவள் கையில் காயங்கள் தெரிந்தன. "சினிமா பாத்துக் கெட்டுப் போவுதுங்க" என்று தலைமையாசிரியர் பிரம்பை எடுத்தார். வியாகுலம் டீச்சர் குறுக்கே போய் நின்றார்.

"அடி பட்டுப் பட்டுத்தான் சார் இப்படி வந்து நிக்குது."

அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டை அவள் பக்கத்தில் உட்கார்ந்தே சாப்பிட்டார். எதையும் கேட்கவில்லை. ஒருநாள் ரவிக்கைக் கையை ஏற்றித் தன் தழும்புகளைக் காட்டினார். செல்வி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"உ... உங்களுக்கும் பேரு வெச்சாங்களா டீச்சர்?"

"வெச்சாங்க. உனக்கு இன்னா பேரு வெச்சாங்க?"

அவள் சொன்னாள். சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் வந்தது. டீச்சர் அவள் வீட்டுக்குப் போய்ப் பேசினார். டாக்டரிடம் கூட்டிப்போனார். கேலி செய்த பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பேசினார். செல்வி ஒரேயடியாகத் தேறிவிடவில்லை. மறுபடியும் காயத்தோடு வந்த நாட்களும் உண்டு. அந்த நாட்களிலும் டீச்சர் அவளைத் திட்டவில்லை, பக்கத்தில்தான் உட்கார்ந்தார்.

அடக்கத்தன்று உறுவையாற்று வீட்டில் டீச்சரைப் படுக்கவைத்திருந்தார்கள். ரவிக்கைக் கை மேலேறியிருந்தது. பெண்கள் வரிசையாக வந்து அந்தத் தழும்புகளைத் தொட்டு முத்தமிட்டார்கள்.

"எவ்ளோ ஒறுத்தல் பண்ணியிருக்கா, புண்ணியவதி" என்றார் வயதான ஓர் அம்மாள்.

அந்த அம்மாளை நோக்கி நான் நகர்ந்தேன். அதற்குள், தன் அம்மாவோடு நின்றிருந்த செல்வி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இ... இது ஒறுத்தல் இல்ல" என்றாள். அடுத்த வார்த்தை தொண்டையில் மாட்டிக்கொண்டது. எல்லோரும் காத்திருந்தார்கள். "எங்க டீ... டீச்சருக்கு வலிச்சிச்சி."

யாரும் சிரிக்கவில்லை. அவள் குனிந்து ரவிக்கைக் கையை மணிக்கட்டு வரை இறக்கிவிட்டாள்.

கடைசியில் ஊர் காதுகொடுத்துக் கேட்டுவிட்டது டீச்சர். அதற்கு உங்கள் ஆயுசு முழுக்கத் தேவைப்பட்டிருக்கிறதே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. போய் வாருங்கள்.