ஐந்து துண்டு பிஸ்கட்

எங்கள் திமோர் தீவு மலையூரில் பன்னிரண்டு வருடமாகக் குழந்தைகளை எடை போடுகிறவள் அடோல்ஃபினா அக்கா. சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. சத்து பிஸ்கட் திட்டத்தை ஊர் ஊராக மதிப்பிட வந்த அதிகாரி, நாலு வயது மெல்கியின் எடை அட்டையைப் பார்த்துக் கடுப்பானார்.

"மூணு மாசமா குடுத்தும் எடை ஏறலையே! இவன் திங்கறானா இல்லையா?"

"திங்கறான் சார். ஆனா வீட்ல இன்னும் நாலு பிள்ளைங்க இருக்கே."

"இது இவனுக்கு மட்டும்தாம்மா!"

"அதை நீங்களே அவன்கிட்ட சொல்லுங்க சார்."

அதிகாரி ஒரு பிஸ்கட்டை நீட்டினார். மெல்கி அதை ஐந்தாக உடைத்து, சின்னத் துண்டை வாயில் போட்டு, மிச்சத்தைச் சட்டைப்பைக்குள் பத்திரப்படுத்தினான்.

படிவத்தில் ‘தின்றான்’, ‘தின்னவில்லை’ என இரண்டே கட்டங்கள். அக்காவின் பேனா நடுவில் நின்றது.

"தின்னலைன்னு போடும்மா, அடுத்த ஊருக்கு நேரமாச்சு."

அக்கா போட்டாள். மெல்கி இன்னும் மென்றுகொண்டிருந்தான்.