உப்புக் கேட்ட சம்பந்தி

நல்ல பிஸ்ட்ரோ எது என்று அந்த நகரத்தில் யாரைக் கேட்டாலும், பாலத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய கடைக்குத்தான் கைகாட்டுவார்கள். பிரெஞ்சுக்காரர் பாணியில் நடக்கும் சின்னச் சாப்பாட்டுக் கடையைத்தான் பிஸ்ட்ரோ என்பார்கள். தகடு போர்த்திய கல்லா மேடை, கரும்பலகையில் அன்றைய சாப்பாடு, முழங்கையை மடக்கிக்கொண்டு உட்கார வேண்டிய மேஜைகள். இதெல்லாம் மற்ற கடைகளிலும் உண்டு. இங்கே மட்டும் கிடைப்பது திட்டு.

திட்டுகிறவர் சிடுமூஞ்சியார், அங்கே பரிமாறுகிறவர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். சூப் சூடாக இருக்குமா என்று கேட்டால், "இல்ல, உங்களுக்காக ஆற வெச்சு விசிறிக்கிட்டிருக்கோம்" என்பார். மெதுவாகச் சாப்பிட்டால், "இங்கேயே குடிவந்துட்டீங்களா?" உப்புக் கேட்டால் தொலைந்தது. அந்தக் கடையில் மேஜைமேல் உப்பு வைக்கிற வழக்கமே கிடையாது. கேட்பது சமையல்காரர் முகத்தில் துப்புவதற்குச் சமம். "உங்க வீட்ல உப்புப் போட்டுத்தான சாப்பிடறீங்க?" என்று ஆரம்பித்தால், கேட்டவருடைய மீசை, மூக்குக்கண்ணாடி ஒன்றையும் விடமாட்டார். அந்தத் திட்டுக்காகவே வாசலில் வரிசை நின்றது. வாங்காமல் திரும்பினவர்கள் ஏமாந்துவிட்டதாகப் புலம்பினார்கள். இப்படியும் ஜனங்கள், என்ன செய்ய?

வீட்டிலோ மனிதர் வாயில்லாப் பூச்சி. மனைவி போனபின் ஒரே மகளைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தவர். அந்த மகள் ஒரு காலையில் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, மாப்பிள்ளையோட அம்மா இன்னைக்கு மத்தியானம் கடைக்கு வராங்க. உங்களைப் பார்த்துட்டுத்தான் சம்மதம் சொல்வாங்களாம். தபால் ஆபீஸ்ல பெரிய அதிகாரி. ஒருவேளை சாப்பாட்டுக்கு மட்டும் வாயை அடக்குங்கப்பா."

"அடக்கிடறேம்மா," என்றார். அந்தக் கல்யாணம் நின்றால் பெண் உடைந்துபோவாள் என்று அவருக்குத் தெரியும்.

மத்தியானம் அந்த அம்மாள் மகனோடு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். எதிரே மகள். சிடுமூஞ்சியார் சிரித்தார். பழக்கமில்லாத சிரிப்பு, பல்வலி என்றே பார்த்தவர்கள் நினைத்தார்கள். "வாங்க, சௌகரியமா உக்காருங்க," என்றார். பக்கத்து மேஜைக்காரர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "இவரே சிரிக்கறாருன்னா கறி கெட்டுப்போச்சு போல," என்று யாரோ முணுமுணுக்க, இரண்டு மேஜைகள் எழுந்தே போய்விட்டன.

அந்த அம்மாள் ஒரு வாய் சாப்பிட்டார். நிமிர்ந்து பார்த்தார். "கொஞ்சம் உப்பு கிடைக்குமா?"

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மகள் மேஜையோரம் நின்ற அப்பாவின் காலை மிதித்தாள். சிடுமூஞ்சியாருக்கு வார்த்தைகள் தொண்டைவரை வந்து முட்டின. விழுங்கிவிட்டு உள்ளே போய், ஒரு கிண்ணத்தில் உப்பை ஏந்திக்கொண்டு வந்தார். பின்னாலேயே சமையல்காரர், கையில் கரண்டியோடு. "உப்பை நீயே எடுத்துக் குடுக்கறியாய்யா?" அவர் கண் கலங்கியிருந்தது.

அந்த அம்மாள் முகம் கறுத்துப்போனது. "எங்க ஆபீஸ்ல கடைநிலை ஊழியர் வரைக்கும் உங்ககிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு வந்து பெருமையடிக்கறாங்க. எனக்கு மட்டும் உப்பா? நான் என்ன அந்நியமா?"

அவ்வளவுதான், அணை உடைந்தது.

"பின்ன என்னங்க? தின்ன வந்தீங்களா, என்னை எடைபோட வந்தீங்களா? எடைபோடத் தராசு கொண்டுவந்தீங்களா? இந்தக் குழம்புக்கு உப்புக் கேக்கற நாக்கை வெச்சுக்கிட்டு மருமகளை வேற ருசி பார்ப்பீங்க. ஒத்தைப் பொண்ணுங்க. நீங்க கூட்டிட்டுப் போயிட்டா, ராத்திரி வீட்டுக்குப் போய் நான் யார் முகத்தைப் பார்க்கறது?"

கடைசி வாக்கியத்தில் குரல் உடைந்துவிட்டது. அது திட்டில் சேர்ந்ததில்லை என்று எல்லாருக்கும் புரிந்தது. மகள் அழ ஆரம்பித்தாள்.

அந்த அம்மாள் உப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். தபால் ஆபீஸே நடுங்கும் குரலில் அவரைப் பிடிபிடியென்று பிடித்தார்.

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன? வாயில கொழுக்கட்டையா? ஊரையெல்லாம் திட்டத் தெரியுது, மனசுல இருக்கறதைச் சொல்லத் தெரியல. உங்க தெருவுல வீடு காலியா இருக்கான்னு விசாரிச்சு வைங்க. ரெண்டு பேரும் அங்கயே இருக்கட்டும். என்ன முழிக்கறீங்க? ரொட்டி ஆறிப்போச்சு, வேற கொண்டாங்க."

அந்தக் கடையில் சிடுமூஞ்சியாரை அதுவரை யாரும் திட்டியதில்லை.

"சரிங்க சம்பந்தி," என்று சொல்லிவிட்டு ரொட்டி எடுக்க ஓடினார்.