மறுகால் தண்ணீரும் மாமாவின் மனசும்

தெப்பம் விடுகிறவனுக்கு ஆற்றைப் பார்த்துப் பயம் கிடையாது. பயமெல்லாம் தெப்பத்தில் ஏற வருகிறவர்களைப் பார்த்துத்தான். பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்கோ கோயில் கொடைக்கோ போய்த் திரும்பிய அனுபவம் உங்களுக்கு இருந்தால், நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கே தெரியும். மீதிப் பாதியில் பாறை இருக்கிறது, சுழி இருக்கிறது, என் மாமா இருக்கிறார்.

நாடு விடுதலை அடைந்த கையோடு, குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரத் துரைக்குத்தான் முதலில் இந்தக் கிறுக்குப் பிடித்தது. காட்டு மூங்கிலைத் தெப்பமாகக் கட்டி, ஆற்று வழியாகக் குழித்துறைச் சந்தைக்கு விட்டுக்கொண்டிருந்தவன் நான். அதே மூங்கில் மேல் தன்னையும் ஏற்றிக் கடல்வரை கொண்டுவிடச் சொன்னார். விட்டேன். உயிரோடு போய்ச் சேர்ந்தார். அவ்வளவுதான், ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. தோட்டத்து ரைட்டர், ஜவுளிக்கடைக்காரர், பெஞ்சன் வாங்கியவர் என்று ஆளாளுக்கு வந்து நின்றார்கள். பேச்சிப்பாறை அணைக்குக் கீழே ஏறினால், காட்டுக்குள் இரண்டு பக்கமும் பாறை எழும்பி நிற்கிற ஒடுக்கில் குலுங்கிக் குலுங்கி வந்து, திற்பரப்பு அருவியில் இறங்கி நடந்து, மறுபடியும் ஏறி, குழித்துறை தாண்டித் தேங்காப்பட்டணத்துக் கடல்முகம். நாலைந்து நாள் ஆகும். நீள மூங்கில் கழையை ஊன்றித் தெப்பத்தைத் தள்ள எனக்குத் துணை அருமனை ஞானமுத்து அண்ணன். ஆற்றில் அவருக்கு நிகர் கிடையாது, சாப்பாட்டிலும் கிடையாது.

என்ன திட்டம் போட்டாலும் ஒன்றை மீற முடியாது. அணை நிறைந்து, மிஞ்சின தண்ணீர் மறுகால் பாய்ந்தால்தான் ஆற்றில் தண்ணீர். மடையைத் திறந்து கால்வாயில் நாஞ்சில் நாட்டு வயலுக்கு விட்டுவிட்டால் ஆறு வெறும் கல்லும் மணலும்தான். என் கல்யாணம் இழுத்துக்கொண்டு கிடந்ததும் இதனால்தான். என் தாய்மாமா வட்டக்கோட்டைப் பக்கத்தில் கடைமடை விவசாயி. கால்வாய்த் தண்ணீர் ஊரார் வயலையெல்லாம் நனைத்து மிச்சமிருந்தால் அவர் வயலுக்கு வரும். அவர் மகள் சொர்ணம் எனக்கு முறைப்பெண். முறை இல்லாவிட்டாலும் அவளைத்தான் கட்டியிருப்பேன். மாமா ஒரேயடியாக மறுத்துவிட்டார். "வயலுக்கு வரவேண்டிய வெள்ளத்தக் கடலுக்கு வழியனுப்பி வைக்குதவனுக்கா எனக்க மவளத் தருவேன்?" எங்கள் பக்கத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர்தான். மாசியில் கும்பப்பூ நெல் அறுவடை முடிந்ததும் வடசேரி மளிகைக்கடைக்காரர் ஒருவருக்கு அவளைக் கொடுப்பதாகப் பேச்சு நடந்தது. நான் சொர்ணத்திடம் போய் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன். "எங்கிட்ட நின்னு என்ன பிரயோசனம் அத்தான்? எனக்குச் சம்மதந்தான். போய் அப்பாகிட்ட நில்லுங்க" என்றாள்.

சாக்குக்குள் என்ன?

வடசேரி ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். ஏற்றுகிற சாமானையெல்லாம் கையால் தூக்கிப் பார்த்த பிறகுதான் விடுவேன். பாரம் கூடித் தெப்பம் அமிழ்ந்தால் ஒடுக்கில் அடி தட்டும். அரிசி, பருப்பு, கருப்பட்டி, கருவாடு எல்லாம் சரி. ஒரு சாக்கை மட்டும் ரெண்டு ஆள் சேர்ந்து முக்கி முனகித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவிழ்த்தால் அம்மி! குழவியோடு! "ஆத்துக்குள்ள இது என்னத்துக்கு அக்கா?" என்றேன் அண்ணாச்சியின் மனைவியிடம். "துவையல் யாரு அரைப்பா, நீயா?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அம்மியா ஆளா, ரெண்டில் ஒன்றைத்தான் ஏற்ற முடியும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். அந்த அம்மா புருஷனை ஒரு பார்வை பார்த்தார். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையோரமாக நடக்க ஆரம்பித்துவிட்டார். மறுநாள் அரிசி மூட்டை குறைந்த பிறகுதான் அவரை ஏற்ற முடிந்தது. 'பாவம் இல்லையா அக்கா' என்று கேட்டதற்கு அந்த அம்மா அரைத்துக்கொண்டே சொன்னார்: "அவிய இல்லாம நாலு நாள் இருந்துக்கிடலாம் தம்பி, அம்மி இல்லாம ஒரு நேரம் இருக்க முடியுமா?"

ராகு காலத்தில் ஒடுக்கு

நாகர்கோவில் கோர்ட்டில் ஆமீன் வேலை பார்த்துப் பெஞ்சன் வாங்கிய ஒருவர், கையில் பஞ்சாங்கமும் இடுப்பில் செயின் போட்ட கடிகாரமுமாக வந்தார். கிளம்புகிற நேரம், சாப்பிடுகிற நேரம், எல்லாம் அவர் குறித்துக் கொடுத்தபடிதான். இதெல்லாம் சரி. ஒரு திங்கட்கிழமைக் காலையில் ஒடுக்கின் வாய்க்கு வந்து சேர்ந்தோம். கீழே தண்ணீர் நுரைத்துக்கொண்டு விழுகிறது, தெப்பத்தின் மூக்கு அதற்குள் நீட்டியாகிவிட்டது. அப்போது மனுஷன் கையைத் தூக்கி, "நிறுத்துலே! ராகு காலம்!" என்கிறார்.

ஆற்றை நிறுத்த நான் என்ன போலீஸ்காரனா? ஆனாலும் காசு கொடுத்தவர் சொல்கிறாரே என்று நானும் ஞானமுத்து அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் கழையைப் பாறையில் ஊன்றித் தெப்பத்தை நிறுத்தி வைத்தோம். கை கடுத்தது, முதுகு கடுத்தது. ஆமீன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஞானமுத்து அண்ணன் கழை வழுக்கியது. பசிதான் காரணம் என்று இன்றைக்கும் சாதிக்கிறார். அடுத்த கணம் தெப்பம் சரிந்து, குதித்து, சுற்றி, பாறையில் ஒரு இடி வாங்கி, எல்லாரையும் முழுக்காட்டிக் கீழே கொண்டு விட்டது. பஞ்சாங்கம் தண்ணீரோடு போயே போய்விட்டது. ஆமீன் தலையைத் துவட்டினார், கைகாலைத் தடவிப் பார்த்தார், முகமெல்லாம் சிரிப்பு. "தம்பி, இன்னும் எமகண்டம் பாக்கி கெடக்கு, கையோட அதையும் இப்பவே முடிச்சிரலாமா?"

நீச்சல்

தோட்டத்து ரைட்டர் ஒருவர் ஏறுவதற்கு முன்னால் ஆயிரம் கேள்வி கேட்டார். கயிறு புதுசா, மூங்கில் பச்சையா, முதலை உண்டா. எனக்குப் பதில் சொல்லுகிற தெம்பு இல்லை. வடசேரி மளிகைக்கடைக்காரர் வீட்டு ஆட்கள் வந்து சொர்ணத்தைப் பார்த்துவிட்டு, பழம் பாக்கு வைத்துப் போனதாக அன்றைக்குத்தான் சேதி வந்திருந்தது. கடைசியில் அவர் ஞானமுத்து அண்ணனைப் பிடித்து, "உமக்கு நீச்சல் நல்லாத் தெரியுமா?" என்றார். மரச்சீனிக் கிழங்கை மென்றுகொண்டே அண்ணன் சொன்னார்: "நீச்சல் தெரிஞ்சவன் எதுக்குவே தெப்பத்துல ஏறுதான்?"

திற்பரப்பில் தெப்பம் அவிழ்ந்தது

திற்பரப்பில் அருவிக்கு மேலேயே எல்லாரையும் இறக்கிவிட்டு, தெப்பத்தின் கட்டை அவிழ்த்து, மூங்கிலை ஒவ்வொன்றாக அருவியில் தள்ளுவோம். கீழே அருவி விழுந்து தேங்குகிற கயத்தில் மிதப்பதைப் பிடித்து மறுபடி கட்டுவோம். மார்த்தாண்டத்திலிருந்து ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் மனைவியோடு வந்திருந்தார். தெப்பத்தின் மேல் அவருக்கு அபார நம்பிக்கை. பாறையில் முட்டும்போதெல்லாம் மூங்கிலைத் தட்டிக்கொடுத்து, "கோயில் சுவர் மாதிரி!" என்பார். கூடவே, ஏறியதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டே வந்த மனைவியை, ஊர் பார்க்க வந்த இடத்தில் தூக்கமா என்று ஏசிக்கொண்டும் வந்தார்.

அருவித் தலையில் நான் முடிச்சை இழுத்தேன். கோயில் சுவர் பொலபொலவென்று பிரிந்து மிதந்தது. ஹெட்மாஸ்டர் என் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். "இந்தக் கயிறு ஒண்ணுதானா நம்மளப் பிடிச்சிட்டு இருந்தது?" என்றார். ஆமாம் சார் என்றேன். அந்த அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார்: "நான் ஒரே செபத்துல இருந்தேன், நீங்க தூங்குதேன்னு ஏசினிய!"

மாமா ஏறினார்

அந்த வருஷம் கார்த்திகை மழையில் கால்வாய்க் கரை உடைந்து மடையை அடைத்துவிட்டார்கள். கரையைக் கட்டி முடித்த பிறகும் மடையைத் திறக்கக் காணோம். மலையில் மழை, அணை ததும்பி மறுகால் பாய்ந்து ஆறு நிறைந்து ஓடியது. கடலோரத்தில் ஒரு தூற்றல் கிடையாது. மாமாவின் வயலில் கதிர் வாங்குகிற நேரம், பயிர் சுருண்டுகொண்டிருந்தது. அவரும் இன்னும் ரெண்டு கடைமடை விவசாயிகளும் பேச்சிப்பாறைக்கு வந்து இஞ்சினீயரைப் பார்த்து மன்றாடினார்கள். 'பார்க்கலாம்' என்றாராம். திரும்பலாம் என்று பார்த்தால் மழைக்குப் பாலம் போய்விட்டது, வண்டி இல்லை. மாமாவுக்கோ முட்டுவலி, நடக்க முடியாது. ஆற்று வழி குழித்துறைக்குப் போய் பஸ் ஏறுவது ஒன்றுதான் வழி. நான் கிடைத்த மூங்கிலில் நல்லதாகப் பார்த்துக் கட்டினேன், கயிறெல்லாம் புதுசு, உட்கார வைக்கோல் மெத்தை, சமையலுக்கு நல்ல அரிசி. பெண் கேட்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா?

மாமா ஏறினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சுழி வந்தது, மற்ற ரெண்டு பேரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சாமியைக் கூப்பிட்டார்கள். மாமாவுக்குப் பயமே இல்லை, துக்கம்தான். குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. எனக்கும் மனசு என்னவோ போலாகிவிட்டது, அந்தப் பயிரை நானும் பார்த்திருக்கிறேன். 'மாமா, கஞ்சி குடிக்கீங்களா' என்று பைய ஒரு வார்த்தை விட்டேன். மூன்று பேருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்: "எனக்க பயிரு குடிக்காத வெள்ளத்துல இவன் எனக்குக் கஞ்சி வைக்குதானாம்!"

மாமா இறங்கினார்

மறுநாள் ஒடுக்கின் நடுவில் தெப்பம் கரகரவென்று உரசியது. கழையை ஊன்றித் தள்ளினேன். இன்னும் கொஞ்சம் போய் ஒரு பாறை மேல் ஏறி அசையாமல் உட்கார்ந்துவிட்டது. எத்தனையோ பேரைக் கொண்டு விட்டிருக்கிறேன், இப்படி ஒரு நாளும் ஆனதில்லை. அதுவும் மாமா ஏறியிருக்கும்போதா! மானம் போயிற்று, சொர்ணமும் போனாள் என்று தலையில் கைவைத்து நின்றேன். இரண்டு பக்கப் பாறையிலும் தண்ணீர் நின்ற ஈரம் முழ உயரத்துக்குத் தெரிந்தது. மாமா அந்த ஈரத்தைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். சட்டென்று எழுந்து, "லே! வெள்ளம் தாழுதுலே!" என்றார்.

"மாமா, எனக்கு ஒண்ணும் புரியல…"

"எனக்குப் புரியுது! மறுகால் நின்னு போச்சுலே! மடை தொறந்தாச்சு! வெள்ளம் வயலுக்குப் போவுது!"

மூன்று விவசாயிகளும் கட்டிப்பிடித்துக்கொண்டு தெப்பத்தின் மேல் குதித்தார்கள். ஆறு இழுக்கும்போது சாமியைக் கூப்பிட்டவர்களும் கண் கலங்கினவரும், ஆறு விட்டுவிட்டுப் போன பிறகு ஆடுகிறார்கள்! "கயிறு அறுந்திரும், பைய ஆடுங்க!" என்று ஞானமுத்து அண்ணன் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

இனித் தெப்பம் நகராது. ஆற்றுப் பாறை வழியே நடந்துதான் திற்பரப்புக்குப் போகவேண்டும். பாசியில் மாமாவின் கால் நிற்கவில்லை. அவரை முதுகில் தூக்கிக்கொண்டேன். போகிற வழியெல்லாம், இந்நேரம் தண்ணீர் எங்கே போயிருக்கும், எந்த மடை தாண்டியிருக்கும் என்று என் காதுக்குள் பேசிக்கொண்டே வந்தார். அப்படி ஒரு சந்தோஷத்தில் அவரை நான் பார்த்ததே இல்லை. முன்னால் சாமானைச் சுமந்து போன ஞானமுத்து அண்ணன் திரும்பி, "மக்கா, இப்பக் கேளு. இறக்கி விட்ட பொறவு கேட்டா ஆளு ஓடிருவாரு" என்றார்.

வழுக்குப் பாறையின் நடுவில் நின்றுவிட்டேன். "மாமா, சொர்ணத்த எனக்குத் தரணும்" என்றேன். என் தோளைப் பிடித்திருந்த கை இறுகியது. "நடலே" என்றார். நடக்கவில்லை. "விழுந்திருவேன், நடலே!" அப்போதும் நடக்கவில்லை. தெப்பம் போன துக்கமும், அவளும் போய்விடுவாளோ என்ற பயமும் சேர்ந்து, எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமா என் முதுகில் இருந்தபடியே ஆற்றை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தார். கல், மணல், குட்டையில் துள்ளுகிற மீன், தூரத்தில் பாறை மேல் குந்தியிருக்கிற என் தெப்பம். பிறகு என் தலையில் ஒரு தட்டுத் தட்டிச் சொன்னார்: "ஆத்துல வெள்ளம் இல்லாட்டாத்தான் நீ எனக்கு மருமவனாத் தெரியுத. வடசேரிக்கு நான் ஆள் சொல்லி விடுதேன். மறுகால் திரும்பப் பாயதுக்கு முந்தி தாலியக் கெட்டிரு, வெள்ளத்தப் பாத்தா எனக்குப் பழைய கோவமும் வந்திரும்!"

தொழில் ஓஹோவென்று நடந்தபோது பெண் தர மறுத்தார்கள், அது கல்லில் போய் உட்கார்ந்த அன்றைக்குத் தந்தார்கள் என்பதற்கு மேல் தெப்பத் தொழிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.