கறிக்கு எடுத்த மீன்

பிள்ளையள், போன கிழமை சாப்பிடேக்க மூத்தவள் கேட்டாள்: "அப்பா, கடலுக்குப் போறது நீங்கள். பிறகேன் எங்கட சோத்துக் கோப்பையில மீன் தலையும் வாலும்?" நான் "பேசாமச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டேன். அம்மா சொல்லுவா என்று பார்த்தேன். அவவும் சொல்லவில்லை. அதுதான் எழுதி வைக்கிறேன். வாயால் சொன்னால் எனக்கு வசதியான பக்கத்துக்குக் கதையை வளைத்துப் போடுவேன்.

நான் ஓடுகிற போட் எங்களுடையது இல்லை என்று உங்களுக்குத் தெரியும். அது கோவிலடிக்கு அங்கால் இருக்கிற பிள்ளைகள் இல்லத்தின் போட். சண்டையில் தாய் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகளுக்கென்று தொடங்கின இல்லம். சண்டை முடிந்து கனகாலம் ஆகியும் பிள்ளைகள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். கால் இல்லாத தகப்பனால் பார்க்க ஏலாத பிள்ளை, தாய் வெளிநாட்டு வேலைக்குப் போய்த் திரும்பி வராத பிள்ளை, இப்படி. இந்தத் தீவில் பிறந்து வெளியில் போய் இருக்கிற சில பேர்தான் போட் வரும்வரை காசு அனுப்பினார்கள். அவர்களுக்கும் வயது போய்விட்டது. கடைசியாக ஒரு போட்டும் எஞ்சினும் வலையும் வாங்கித் தந்து, "இனி இதில நீங்களே நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டார்கள்.

இல்லத்தைப் பொறுப்பாய்ப் பார்த்துக்கொள்கிற அக்கா என்னிடம் வந்தா. "அண்ணை, நீங்கள்தான் ஓடித் தரவேணும். இது சரிவராட்டி பிள்ளையளை யாழ்ப்பாணத்தில ஒவ்வொரு இடமாப் பிரிச்சுத்தான் விடோணும். சகோதரங்களும் ஒண்டா இருக்க ஏலாது" என்றா. நான் ஓம் என்றேன். உங்கள் மாமாவையும் சேர்த்துக்கொண்டேன். அவர் எனக்கு மச்சான். வாய் கொஞ்சம் நீளம். "எங்கட புதுச் சம்மாட்டிமாருக்கு இன்னும் பால்பல்லே விழேல்லை" என்று கரை முழுக்கச் சொல்லிச் சிரித்தார். சம்மாட்டி என்றால் வள்ளத்தின் சொந்தக்காரர்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருக்கு. மீனோடு வந்து இறங்கினதும், ஏலம் கூற முதல், கடலுக்குப் போனவர்கள் தங்கள் தங்கள் வீட்டுக் கறிக்கு எடுப்பார்கள். அது பங்கில் சேராது. ஒருத்தரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். மிச்சம் ஏலத்துக்குப் போகும். வந்ததில் எண்ணெய்ச் செலவு போக வள்ளத்துக்கு ஒரு பங்கு, எங்களுக்கு ஒரு பங்கு. சம்மாட்டியும் கரைக்கு வந்து நிற்பார், தனக்குப் பிடித்ததைத் தானே குனிந்து எடுத்துக்கொண்டு போவார். அவருக்கு நாங்கள் எடுத்துக் கொடுப்பது கிடையாது. கொடுக்க வேணும் என்ற எண்ணமே எங்களுக்கு வராது.

எங்கள் சம்மாட்டிமார் அந்த நேரம் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள்.

நான் எடுத்தேன். நல்லதாய்ப் பார்த்து எடுத்தேன். ஒரு பெரிய விளைமீன், இல்லாவிட்டால் உங்களுக்குப் பிடித்த ஓரா. கணவாய் பட்ட நாளில் கணவாய். நான் களவெடுக்கவில்லை. இதை எழுதுகிறபோதும் என் மனம் அதைத்தான் முதலில் சொல்லச் சொல்கிறது, பாருங்கோ. வள்ளத்தின் பங்கை ஒரு சதமும் குறையாமல் அக்காவிடம் கொடுத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

பிறகு ஒரு நாள், எஞ்சின் பழுதென்று சொல்ல மத்தியானம் இல்லத்துக்குப் போனேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சோறு, பருப்பு, முருங்கையிலை, சொதி. வன்னிப் பக்கம் இருந்து வந்த ஒரு சின்னப் பெட்டை என்னைக் கண்டதும் கேட்டாள்:

"மாமா, இண்டைக்கு எங்கட போட்டில என்ன மீன் பட்டது?"

"விளைமீன் பிள்ளை."

"அது எப்பிடி இருக்கும்?"

நான் கையை விரித்து, இவ்வளவு நீளம், மினுமினுப்பாய் இருக்கும் என்று காட்டினேன். அவள் தலையை ஆட்டினாள்.

"அதில்லை மாமா. வாயில எப்பிடி இருக்கும்?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவ கோப்பைகளை அடுக்கிக்கொண்டே சொன்னா: "மீனை வித்தாத்தான் அண்ணை கொப்பி, சப்பாத்து, மருந்து. எப்பவாவது சூடை மாதிரிப் பொடிமீன் மலிஞ்சா வாங்குறனான். நல்ல மீனை இதுகள் ஒரு நேரத்தில திண்டு முடிச்சிடும். நான் வருசம் முழுக்கப் பார்க்கோணும்." அவ குறையாய்ச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கூடச் சுட்டது.

வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கும் விளைமீன் குழம்பு. சின்னவன் நடுத்துண்டுக்கு அடம்பிடித்துக்கொண்டிருந்தான். நான் சாப்பிட்டேன், பிள்ளையள். பசி இருந்தது, சாப்பிட்டேன். கையைக் கழுவும்போதுதான் அந்தப் பெட்டை கேட்டது நினைவுக்கு வந்தது.

எஞ்சினைத் திருத்தி அடுத்த முறை கடலுக்குப் போய் வந்ததும், கரையில் வள்ளத்துக்கும் கறிமீன் எடுப்பம் என்று மாமாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"வள்ளத்துக்கு வாயிருக்கோ மச்சான்?"

"இருக்கு. எங்கட ரெண்டு வீட்டையும் விடக் கூட."

"அப்ப உம்மட கறியில எடும். என்ர மனிசி மீன் வெட்டக் கத்தியோட பார்த்துக்கொண்டு நிப்பாள்."

என் கறிமீனைத்தான் கொண்டுபோய் இல்லத்துக் குசினியில் வைத்தேன். பின்னேரம் மீன் வியாபாரியின் பெட்டியில் அதே மீன் கிடந்தது. செவுளில் என் விரல் பட்ட காயத்தோடு. அக்கா விற்றுப்போட்டா. எனக்குக் கோபம் வந்தது. வீட்டில் வந்து கத்தினேன். உங்கள் அம்மா தேங்காய் துருவிக்கொண்டு இருந்தவ, நிமிரவே இல்லை.

"பச்சை மீனைக் குடுத்தா விக்கத்தான் செய்வா. குழம்பை வைச்சுக் குடுத்தா ஆருக்கு விப்பா?"

அப்படித்தான் அந்தப் பெரிய சட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. முதல் நாள் அக்கா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இது தர்மமோ அண்ணை? தர்மத்தில இருந்து வெளிய வரத்தானே நாங்கள் இவ்வளவு பாடுபடுறம்" என்றா.

"தர்மம் இல்லை அக்கா. வள்ளத்தின்ர கறிமீன். சம்மாட்டிக்கு உரியது."

அவ மூடியைப் போட்டுச் சட்டியை உள்ளே எடுத்து வைத்தா. பிறகு, "வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம்" என்றா.

அந்தச் சின்னப் பெட்டை ஒரு துண்டை அப்படியே வாயில் போட்டாள். முள் குத்தி, கண்ணில் தண்ணீர் வந்து, துப்பினாள். மற்றவர்கள் கெக்கட்டம் விட்டுச் சிரித்தார்கள். சுற்றிவரக் கடல், அந்தப் பிள்ளைக்கு முள்ளெடுக்கத் தெரியவில்லை. நீங்கள் நடக்கப் பழக முன்னமே முள்ளெடுக்கப் பழகினீர்கள். நான் கரையில் எடுத்து வந்த கறிமீனில்தான் பழகினீர்கள்.

அன்றிலிருந்து நம் வீட்டுக்கு எடுக்கிற மீனில் நல்ல துண்டுகள் அந்தச் சட்டிக்குப் போகின்றன. தலையும் வாலும் உங்களுக்கு. மாமா இன்னும் பகிடி பண்ணுகிறார். ஆனால் பெரிய மீன் பட்டால், "இந்தா, உம்மட வள்ளத்தின்ர வாய்க்கு" என்று தானே எடுத்து எறிகிறார்.

இல்லம் தன் காலில் நின்றுவிட்டது. பிள்ளைகளைப் பிரிக்கிற கதை இப்போது இல்லை. போட் தந்த ஆட்கள் இந்த முறை திருவிழாவுக்கு வந்தபோது இல்லத்தையும் பார்க்க வந்தார்கள். அக்கா என்னைக் கூப்பிட்டு அவர்களுக்கு முன்னால் நிறுத்தி, "இந்த அண்ணையாலதான் நாங்கள் இப்ப ஒருத்தரிட்டையும் கை நீட்டுறேல்லை" என்று சொன்னா. அவர்கள் என் கையைப் பிடித்தார்கள். எனக்கு அவவின் முகத்தைப் பார்க்க ஏலாமல் இருந்தது. முதல் மாதங்களில் அந்தப் பிள்ளைகள் வாயைக் கட்டித்தான் இல்லம் நின்றது. என் வீட்டில் ஒருத்தரும் வாயைக் கட்டவில்லை. அதை அவர்களுக்குச் சொல்லாமல் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

வந்தவர்களில் ஒரு அம்மா அந்தச் சின்னப் பெட்டையிடம், "இந்த மாமா ஆர் தெரியுமோ?" என்று கேட்டா.

"தெரியும். எங்கட போட்டில வேலைக்கு நிக்கிற ஆள்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்பிடிச் சொல்லக் கூடாது" என்று அவளை அதட்டினா.

"விடுங்கோ அக்கா," என்றேன். "அவ சரியாத்தான் சொல்லுறா."