மாத்திரைப் பையோடு போன தரகர்

1. ஆறிப்போன தேநீர்

சுனாமிக்கு அடுத்த வருஷம் என்னைப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு மாற்றினார்கள். அதுவரை நான் நுளம்புக்காரன், கொசு ஒழிப்பவன். நியமனக் கடிதத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ., என்றுதான் இருந்தது. ஆனால் கல்லடியில் என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் சிரட்டைத் தண்ணீரைக் கவிழ்க்க ஓடுவார்கள். அலை வந்த பிறகு முகாம் முகாமாகப் போய்க் கிணறுகளுக்குக் குளோரின் போட்டேன். அந்த வேலை ஓய்ந்ததும் மாற்றம் வந்தது.

புது இடத்தில் பெயர்ப்பலகை கிடையாது. கதவில் ஓர் எண் மட்டும் இருந்தது. வருகிறவர்களுக்கு வெட்கமாக இருக்கக்கூடாது என்று அப்படி. உள்ளே என்னைவிடப் பதினைந்து வயது இளைய டொக்டர் மிஸ் இருந்தார். அவரே தேநீர் ஊற்றித் தந்தார். நான் அந்தக் கோப்பையைத் தொடவில்லை.

"ஏன் ஐயா குடிக்கல்ல?"

"சீனி வருத்தம், டொக்டர்" என்றேன். அவர் அதே கோப்பையில் சீனியில்லாத தேநீர் மாற்றி ஊற்றி வைத்தார். எனக்கு நீரிழிவு எதுவும் இல்லை. அந்தக் கோப்பையில் முன்னர் யார் குடித்தார்களோ என்பதுதான் வருத்தம். இருந்த பதற்றத்தில் இன்னொன்றையும் கேட்டுவிட்டேன். "எச்.ஐ.வி. நுளம்பால பரவாதா?"

அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பைல் விழுந்தது. "பரவுமெண்டா மட்டக்களப்புல முதல் நோயாளி நீங்கதான் ஐயா. இவ்வளவு காலம் நுளம்போட வாழ்ந்த மனிசன்."

பிறகு நிதானமாகச் சொன்னார். பாதுகாப்பில்லாத உடலுறவால் பரவும், இரத்தத்தால் பரவும், ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போட்டால் பரவும், சிகிச்சை எடுக்காத தாயிடமிருந்து பிள்ளைக்கும் போகலாம். கோப்பை, துவாய், கைகுலுக்கல், மலசலகூடம், நுளம்பு ஒன்றாலும் பரவாது. இருபது வருஷம் சுகாதாரத் துறையில் சம்பளம் வாங்கிய நான் இதையெல்லாம் அன்றுதான் ஒழுங்காகக் கேட்டேன். வெட்கத்தில் ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்தேன். என் சீனி வருத்தத்தை நம்பி அவர் சீனியே போட்டிருக்கவில்லை.

2. வேஷம்

நாட்டில் சண்டை முடிந்த வருஷம் யோகன் வந்தான். பெயரை மாற்றியிருக்கிறேன். இதை எழுத அவனும் மனைவியும் சம்மதம் தந்திருக்கிறார்கள். கல்லடிப் பொடியன், தாய் தகப்பனை அலை கொண்டுபோய்விட்டது. வெளிநாட்டுக்கு உழைக்கப் போன இடத்தில் இரத்தம் சோதித்து, என்ன ஏது என்று விளக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். உன்னிச்சையில் சின்னம்மா வீட்டில் தங்கி வயல் பார்த்தான். கிளினிக்குக்கு இரண்டு தரம் வந்தான், எச்.ஐ.வி. என்று உறுதியாகி மாத்திரையும் கிடைத்தது. மூன்றாம் தரம் நடைபாதையில் ஊர்க்காரர் ஒருவரைக் கண்டு அப்படியே திரும்பி ஓடிவிட்டான். மாத்திரை நின்றது. நோயாளி வராவிட்டால் தேடிப் பிடிப்பது என் வேலை.

சீருடையில் போனால் ஊருக்கே தெரிந்துவிடும். ஆகவே வேட்டி கட்டினேன், சந்தனப் பொட்டு வைத்தேன், கையில் குடை, கக்கத்தில் தோல்பை. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. மனைவி மட்டும், "ஆருட கலியாணத்துக்கு?" என்று கேட்டாள். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

யோகன் வரம்பில் குந்தியிருந்தான். "நான் சாகப்போறன்தானே ஐயா. பிறகென்னத்துக்கு மாத்திர?"

"இந்த வயல் வட்டைக்கு ராவில காவல் இரிக்கிறீங்கதானே" என்றேன். "காவல்காரர் எல்லாரையும் ஒருத்தன் பிடிச்சிட்டுப் போனா என்ன நடக்கும்?"

"ஆன வரும், காட்டுப் பண்டி வரும். ஒண்டும் மிஞ்சாது."

"அதுதான். ஒங்கட ரத்தத்திலயும் காவல் இரிக்கு. டொக்டர் சீ.டி.ஃபோர் எண்டு எண்ணுறது அதத்தான். இந்த வைரஸ் முதல்ல அந்தக் காவலத்தான் பிடிக்கும். காவல் குறைஞ்சா காசநோய் வரும், நெஞ்சில சளி கட்டும், சும்மா வாற காய்ச்சலும் ஆளப் போட்டிரும். அந்த நிலைக்குத்தான் எயிட்ஸ் எண்டு பேர். மாத்திர வைரஸ அடக்கி வைக்கும், காவல் திரும்பிக் கூடும். நீங்க இன்னும் எயிட்ஸ் நிலைக்குப் போகல்ல. போகவும் தேவையில்ல."

அவன் கணக்கப்பிள்ளை மாதிரி யோசித்தான். "தினம் எடுக்கணுமா?"

"தினம். ஒரே நேரத்தில. காவல்காரன் ஒரு ராவுக்கு லீவு எடுக்கலாமா?"

யோகன் சிரித்தான். அன்றிரவே மறுபடி தொடங்கினான். கிளினிக் வாசலை மிதிக்கும் துணிவு அவனுக்கு வரும்வரை மாத்திரையை நான் கொண்டுபோய்க் கொடுக்க டொக்டர் அனுமதித்தார். ஆறு மாதத்தில் கன்னம் நிரம்பியது. கொழும்புக்கு அனுப்பிய இரத்தத்தில் வைரஸ் அளக்க முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது. சின்னம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. "நீங்க வந்து போனாப் பொடியன் நல்லாச் சாப்பிடுறான்கா" என்று எனக்குத் தயிர்ச்சட்டி கட்டித் தந்தார்.

ஆனால் ஊர் சும்மா இருக்குமா. வேட்டி, குடை, தோல்பை. மாதம் ஒருமுறை வருவார். கலியாணம் முடிக்காத பொடியனோடு ஒதுங்கி நின்று குசுகுசுப்பார், போவார். மூன்றாம் மாதம் பஸ் தரிப்பில் ஒரு பெரியவர் என் கையில் ஒரு சாதகத்தைத் திணித்தார். "பொண்ணுக்கு இருபத்தஞ்சு. அந்தப் பொடியன்ட தாய்வழிக் குடி வேற, எங்கட குடி வேற, ஒரே குடியில முடிக்கேலாதானே. பொருத்தம் வரும். பாருங்க ஐயா."

நான் கலியாணத் தரகன் இல்லை என்றால், அப்ப நீங்க ஆர் என்று கேட்பாரே. வாங்கிப் பைக்குள் வைத்தேன். ஆறாம் மாதம் பையில் மாத்திரைப் போத்தல், ஆணுறைப் பெட்டி, பதினொரு சாதகம். சோதனைச் சாவடியில் பையைத் திறந்த படைவீரர் என்னை மேலும் கீழும் பார்த்து, நன்றாகச் சிரித்து, போகச் சொன்னார்.

3. செங்கலடியில் ஒரு கேள்வி

அடுத்த மாதம் போனபோது சின்னம்மா வாசலிலேயே மறித்தார். "மாசா மாசம் வாறீங்க, ஒரு பொண்ணக் காட்டினீங்களா? நானே செங்கலடியில ஒண்டு பாத்திட்டன். வான் நிக்குது, ஏறுங்க. தரகர் இல்லாமப் பொண் பாக்கப் போனா மரியாதையா?"

வானில் யோகன் என் காதோடு சொன்னான், "ஐயா, இத நிப்பாட்டுங்க."

"நான் எப்பிடி மனே நிப்பாட்டுற?"

"நீங்கதானே தரகர்."

பெண்ணின் பெயர் வசந்தி என்று வைத்துக்கொள்வோம். வந்தாறுமூலையில் கம்பஸ் என்று சொல்லும் பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை. அவளுடைய தாய் எல்லோருக்கும் முன்னால் என்னிடம் கேட்டார், "பொடியனுக்கு வருத்தம் கிருத்தம் ஏதும் இரிக்கா ஐயா? ஒங்கட வாயால செல்லுங்க."

 இல்லை என்றால் ஒரு பெண்ணை ஏமாற்றுகிறேன். ஆம் என்றால் என்னை நம்பியவனைக் காட்டிக்கொடுக்கிறேன். "தரகன்ட வாயக் கேட்டு முடிவெடுக்காதீங்க" என்றேன். "அவங்க ரெண்டு பேரும் கதைக்கட்டும்." இவ்வளவு நேர்மையான தரகரைத் தான் கண்டதே இல்லை என்றார் அந்தத் தாய்.

கை கழுவத் தண்ணீர் தருகிற சாக்கில் வசந்தி கிணற்றடிக்கு என் பின்னால் வந்தாள்.

"நீங்க பி.எச்.ஐ. ஐயாதானே. போன வருஷம் கம்பஸ்ல எச்.ஐ.வி. பத்தி ரெண்டு மணித்தியாலம் கதைச்சீங்க. முன்வரிசையில இரிந்து கேட்டனான்."

கிணற்றில் குதித்துவிடலாமா என்று இருந்தது. ஊரிடமிருந்து மறைக்கப் போட்ட வேஷமே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. "ஆரப் பத்தியும் நான் ஒண்டும் செல்லேலா, புள்ள" என்றேன்.

"நான் ஒங்களப் பத்தித்தான் கேக்கன். மாத்திர ஒழுங்கா எடுத்தா நெடுங்காலம் வாழலாம், கலியாணம் முடிக்கலாம், புள்ள பெறலாம் எண்டு மேடையில சென்னீங்க. ஒங்களுக்குப் பொம்புளப் புள்ள இரிக்கா?"

"இரிக்கு."

"அவளக் குடுப்பீங்களா?"

ஐந்து வருஷமாக எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறேன். இதை ஒருவரும் கேட்டதில்லை.  கடைசியில் மனதில் இருந்ததையே சொன்னேன். "பயப்படுவன். ரெண்டு நாள் நித்திரை வராது. மூணாம் நாள் டொக்டர்ட்டப் போய் எல்லாத்தையும் கேப்பன். பிறகு, அந்தப் பொடியன் என்ட மகளுக்கு உண்மையச் சென்னானெண்டாக் குடுப்பன். மறைச்சானெண்டா, அவன் ராசா எண்டாலும் குடுக்கமாட்டன்."

அவள் துவாயை நீட்டினாள். நான் கை துடைத்ததும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

திரும்பி வந்ததும் யோகனைக் குளக்கட்டுக்கு அழைத்துப் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.  பொண் பிடிக்கல்ல எண்டு செல்லிட்டா லேசு, என்றான். லேசுதான், என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

மூன்றாம் நாள் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது யோகனின் போன் வந்தது. மறுபக்கம் அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

"கம்பஸ் வாசல்ல வச்சுச் சென்னனான் ஐயா. எல்லாத்தையும் சென்னனான். அவ சென்னா, மூணு நாளா இந்த வாசலத்தான் பாத்துக்கிட்டு இரிந்தாவாம். வராட்டி வேணாமெண்டு செல்ல இரிந்தாவாம்."

மீன்காரர் மிச்சக் காசோடு என் பின்னால் ஓடிவந்தார். மீனையும் விட்டுவிட்டு நான் கிளினிக் பக்கம் ஓடிக்கொண்டிருந்தேன்.

4. பிறகு

இருவரும் கிளினிக்குக்கு ஒன்றாக வந்தார்கள். வசந்தி நாலு பக்கத்தில் கேள்விகள் எழுதி வந்திருந்தாள். டொக்டர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி முடிக்க மத்தியானம் தாண்டிவிட்டது. வசந்தியின் தாய்க்கும் சின்னம்மாவுக்கும் அவர்களே சொன்னார்கள். நாலு மாதம் வீட்டில் அழுகையும் கோபமும்தான். பிறகு கலியாணம் நடந்தது. தரகருக்கென்று எனக்கு வேட்டி வைத்துக் கொடுத்தார்கள். வேஷத்தால் வந்த பிழைக்கு டொக்டர் என்னிடம் விளக்கக் கடிதம் எழுதி வாங்கினார். வாங்கிவிட்டு, அந்த வேட்டியைக் கட்டிக் காட்டச் சொன்னார்.

டொக்டரின் ஆலோசனைப்படி பிறகு ஒரு பெண் குழந்தை. தாயின் இரத்தத்தில் வைரஸ் இல்லை, பிள்ளைக்கும் இல்லை. முடிவு வந்த அன்று பெயர்ப்பலகை இல்லாத அந்த நடைபாதையில், சீருடையோடு, நான் இரண்டு சுற்று ஆடினேன்.

புதிதாக வருகிற பி.எச்.ஐ.மாருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒருவருடைய இரகசியத்தைக் காக்க வேஷம் போடாதீர்கள். எங்கே எப்படிச் சந்திப்பது என்று அவரிடமே கேளுங்கள். மேடை ஏறுமுன் வசந்தியின் கேள்விக்கு உங்களுக்குள் ஒரு பதில் தேடிக்கொள்ளுங்கள்.

அந்தக் கேள்வியைச் செங்கலடிக்குப் போய்வந்த அன்றிரவே, பெயர் சொல்லாமல், என் மகளிடம் சொன்னேன். சோறு பிசைந்துகொண்டே அவள் சொன்னாள், "நீங்க குடுக்கிறதும் குடுக்காததும் கிடக்கட்டும் அப்பா. அவன் என்னட்ட வந்து செல்லட்டும். நான் பதில் செல்லுறன்."