மாப்பிள்ளை சொன்ன படம்

என்ன படம் பார்க்கலாம் என்று யாராவது கேட்டால் என் வாய் சும்மா இருக்காது. கேட்காதவர்களுக்கும் சொல்வேன். மாரண்டஹள்ளியிலிருந்து ஓசூர் கம்பெனிக்குத் தினமும் போகிற பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே கிடந்ததற்கு அதுதான் காரணம் என்பாள் அம்மா. ரசனை கெட்ட ஜனங்கள். பழைய படம், புதுப் படம் மட்டுமல்ல, இன்னும் வெளிவராத படத்தையும் டிரெய்லரை வைத்தே சிபாரிசு செய்வேன். ஜாதகத்தை வைத்தே பெண் கொடுக்கிற ஊரில் இதில் என்ன தப்பு?

எனக்கு நிச்சயமானது ஏரியூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணத்துக்குச் சில மாதங்கள் இருந்தன. ஃபோனில் பேசிக்கொள்ள இரண்டு வீட்டிலும் அனுமதி கிடைத்தது. ஆனால் என்ன பேசுவது? "சாப்ட்டீங்களா?", "சாப்ட்டங்க", "என்ன சாப்ட்டீங்க?" என்பதோடு பேச்சு படுத்துவிடும். அதனால் எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் கையில் எடுத்தேன். வாரம் ஒரு படம், அதை ஏன் பார்க்க வேண்டும் என்ற விளக்கத்தோடு, வாட்ஸ்அப்பில் போனது.

முதலில் ஒரு கருப்பு வெள்ளைக் காமெடி. "சூப்பருங்க, எல்லாரும் சிரிச்சாங்க" என்று பதில் வந்தது. அடுத்தது புதிதாக வந்த அடிதடிப் படம். "ரத்தம் ஜாஸ்திங்க, அம்மா எந்திரிச்சுப் போயிட்டாங்க" என்றாள். அவள் தனியாக உட்கார்ந்து பார்க்கவில்லை என்பது எந்த மடையனுக்கும் அப்போதே புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. மூன்றாவதாக, எனக்கு உயிரான ஒரு படத்தைச் சொன்னேன். கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளை மண்டபத்திலிருந்து இறங்கி நடந்து, பனி மூடிய மலைக்குள் மறைந்துபோவான். அவ்வளவுதான் கதை. கீழே, 'என் மனசில் இருப்பதை அப்படியே சொன்ன படம்' என்று எழுதியிருந்தேன்.

அதற்குப் பதில் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மாமனாரே வந்துவிட்டார். எப்போதும் நிலக்கடலைப் பையோடு வருகிறவர் வெறுங்கையோடு வந்திருந்தார். அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை. எங்கள் பக்கம் மனசில் குறையோடு வருகிறவர்கள் அது தீராமல் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மாப்பிள்ளை சொன்ன படம்னு வூட்ல எல்லாருமே உக்காந்து டிவியில பாத்தோம்ங்க" என்றார். "பக்கத்து வூட்டுக்காரங்களையும் கூப்புட்டிருந்தோம். கல்யாணத்துல இஷ்டமில்லைன்னா வாயால சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

"ஐயோ மாமா, நான் சொன்னது ஒளிப்பதிவைங்க. அந்த மலை, அந்தப் பனி..."

"பனியெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. பையன் ஓடறதும் தெளிவாத் தெரிஞ்சுது."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் காபி மறுபடி சூடாகியிருக்கும். நான் இயக்குநரின் முந்தைய படங்களைப் பற்றி ஏதோ ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மாலையும் கழுத்துமா ஒரு பொண்ணு உக்காந்திருந்துச்சே, அதப் பத்தி ஒரு வார்த்தை எழுதுனீங்களா? அந்தக் கட்டத்துல மாட்டுக்குத் தண்ணி காட்டறேன்னு எந்திரிச்சுப் போனவதான் எம்பொண்ணு. படம் முடிஞ்சும் உள்ள வரலீங்க."

எத்தனையோ முறை பார்த்த படம். அந்தப் பெண்ணின் முகம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. இந்தக் கல்யாணத்தை நான் எவ்வளவு விரும்பினேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"நான் எங்கயும் போக மாட்டேன் மாமா. எனக்கு அவங்களத்தான் கட்டிக்கணும்" என்றேன். ஒரு விளக்கமும் சேர்க்காமல் நான் சொன்ன ஒரே சிபாரிசு அதுவாகத்தான் இருக்கும்.

அவர் ஆடை கட்டிப்போயிருந்த காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். அம்மா சமையலறைக்குள் போய்ச் சத்தமாக மூக்கைச் சிந்தினாள்.

சாயங்காலம் ஃபோனில் அவளே கூப்பிட்டாள். "அப்பா காபி குடிச்சாருங்களா?"

"குடிச்சாருங்க."

"இனிமே படத்த நான் சொல்றேங்க" என்றாள். "நம்ம கல்யாணம் முடிஞ்ச வாரம் ஒன்னு வருதாம். டிரெய்லர் பாத்தேன்."

"எப்படி இருக்குது?"

"சுமாராத்தான் இருக்கும்போல. ஆனா டிவியில வர நாளாகுமில்லீங்களா, தியேட்டருக்கு நாம ரெண்டு பேரும் மட்டும் போலாம்."

போனோம். சுமார்கூட இல்லை, மகா மட்டமான படம். இப்போதும் யார் கேட்டாலும் முதலில் அதைத்தான் சிபாரிசு செய்கிறேன்.