மேளத்துக்குக் கொண்டுபோகாத பாய்

இந்த ஊரில் யாரும் சொம்பை உதட்டில் வைத்துத் தண்ணீர் குடிப்பதில்லை. அண்ணாந்து, வாயைத் திறந்து, மேலிருந்து ஊற்றிக்கொள்கிறார்கள். தொண்டை மட்டும் அசைகிறது. சட்டையில் ஒரு சொட்டு விழுவதில்லை. என் பிள்ளைகளுக்கு அது வரவில்லை. ராஜத்துக்கு ஏழு வயது, சுந்தரத்துக்கு நான்கு. இருவரும் ரங்கூனில் பிறந்தவர்கள். அம்மா உதட்டில் வைத்துக் குடிப்பதைப் பார்த்துக் குடிக்கப் பழகியவர்கள். நசரத்பேட்டைக்குக் குடிவந்த புதிதில், பட்டணத்தில் உள்ள பத்திரிகை ஆபீசுக்குப் போகக் கரிவாயுவில் ஓடும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுமுன், தினமும் அவர்களைக் கிணற்றடியில் நிறுத்தி அண்ணாந்து குடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். சுந்தரத்துக்கு மூக்கில் ஏறும். இருமிவிட்டு மறுபடியும் சொம்பைத் தூக்குவான். சொன்னதைச் செய்யும் பிள்ளை. நான் கற்பித்த அடுத்த பாடம் இதைவிடச் சுலபம்: வாசற்படிக்கு உள்ளே எந்தப் பேச்சு வேண்டுமானாலும் பேசலாம், படிக்கு வெளியே தமிழ் மட்டும்.

உள்ளே அவர்கள் பேசுவது பர்மியம். என் மனைவி மா கின் பர்மாக்காரி. ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்த பிறகு கிடைத்த கப்பலில், ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கோரைப்பாய், இரண்டு பிள்ளைகளோடு நாங்கள் சென்னையில் இறங்கியபோது, துறைமுகத்தில் இருந்த தொண்டர் ஒருவர் என் தோளைத் தட்டி, தாய்நாட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றார். கடல் கடந்தவர் என் தகப்பனார். நான் பிறந்ததும் படித்ததும் பத்திரிகைத் தொழில் கற்றதும் ரங்கூனில். அன்று நான் கால் வைத்தது எனக்கு அந்நிய தேசம். இதைப் படிக்கும் ரங்கூன்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வீட்டுக்காரர் தாமோதர முதலியாரிடம் மனைவியின் பெயர் கண்ணம்மா என்று சொன்னேன். அதிகம் பேசமாட்டாள், கூச்ச சுபாவம் என்றும் சொன்னேன். காரணம் இருந்தது. பூந்தமல்லி பஸ் நிற்கும் இடத்தில் ஒருவன் இன்னொருவனிடம், "பர்மாக்காரனுங்கதான் ஜப்பான்காரனுக்கு வழி காட்டி உட்டானுங்களாம், தெரியுமா மச்சான்?" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அப்படிப்பட்ட பேச்சு எவ்வளவு வேகமாகப் பரவும் என்பது என் தொழிலில் உள்ளவனுக்குத் தெரியும்.

பங்குனியில் பூந்தமல்லிக் கோயில் ஒன்றில் உற்சவம். இரண்டு ஊர் நாதஸ்வர கோஷ்டிகள் மாந்தோப்பில் எதிரெதிரே உட்கார்ந்து வாசிப்பார்கள் என்று சொன்னார்கள். யுத்தகால இருட்டடிப்பு உத்தரவு இருந்ததால் எல்லாம் பகல் வெளிச்சத்திலேயே முடிந்துவிடும். பிள்ளைகளை அழைத்துப்போகலாம் என்று நினைத்தேன். ஊர்ப் பிள்ளைகளோடு அவர்கள் உட்கார வேண்டும், ஊர் அவர்களைப் பார்க்க வேண்டும்.

திறந்தவெளியில் பாட்டு என்று கேட்டதும் மா கின் அதை ப்வே என்று எடுத்துக்கொண்டாள். ரங்கூனில் மழை விட்டதும் மைதானங்களில் ப்வே தொடங்கும். மேளமும் மணியும் ஆட்டமுமாகப் பொழுது விடிகிறவரை நடக்கும். குடும்பத்தில் ஒருவர் மத்தியானமே போய்ப் பாயை விரித்து இடம் பிடிப்பார். பாய்தான் அன்றைக்கு வீடு. சாப்பாடு, சண்டை, தூக்கம் எல்லாம் அதன் மேல். ராஜம் கைக்குழந்தையாக இருந்தபோது அப்படி ஒரு பாயின் நடுவில், அத்தனை சத்தத்துக்கும் அசையாமல் தூங்கினாள். அவள் அம்மா ஓரத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே பாட்டைக் கேட்டாள்.

அன்று காலையிலேயே மா கின் எள்ளு வறுத்துச் சோற்றில் பிசைந்து, நான்கு வாழையிலைப் பொட்டலங்கள் கட்டிவிட்டாள். கப்பலில் வந்த பாயை உதறிச் சுருட்டிக் கதவோரம் சாய்த்தாள். பூ வைத்துக்கொண்டாள். நான் சட்டைப் பித்தானைப் போட்டபடி, கூட்டம் அதிகம், நீ இரு, நாங்கள் போய்விட்டு வருகிறோம் என்றேன். அவள் நான்கு பொட்டலங்களில் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு மூன்றைக் கொடுத்தாள். பாய் வேண்டாம், இங்கே யாரும் கொண்டுவர மாட்டார்கள் என்று நான் சொன்னது உண்மைதான்.

தோப்பில் எல்லோரும் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையிலிருந்த முதலியார் கையசைத்தார். "இன்னா சார், ஊட்டுக்காரம்மா வரலியா?"

"உடம்பு சரியில்லை."

"காலைல கெணத்தண்ட பாத்தேனே, நல்லாத்தானே இருந்துது" என்றார். மேளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தவில்காரர்கள் மாறி மாறி வாசித்தபோது கூட்டம் எழுந்து முன்னே சாய்ந்தது. நானும் எழுந்து எட்டிப் பார்த்தேன். திரும்பியபோது ராஜம் தனியாக உட்கார்ந்திருந்தாள். சுந்தரம் இருந்த இடத்தில் பிரிக்காத பொட்டலம் கிடந்தது.

"சுந்தரம்" என்று கூப்பிட்டேன். கூட்டத்துக்குள் நுழைந்து, கோயில் குளம் வரைக்கும் ஓடிப் படிகளைப் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் இருந்தது. அசையாத தண்ணீர் எனக்கு ஆறுதல் தரவில்லை. திரும்பி வந்து மறுபடியும் கூப்பிட்டேன். ராஜம் என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, நம்ம பேச்சுல கூப்பிட்டா வருவான்."

முதலியார் அருகில் வந்து நின்றிருந்தார். இன்னும் பத்துப் பேர் நின்றார்கள். நான் அவர்கள் முகங்களைப் பார்த்தேன். நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தி, ஊதும் சீவாளியைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தினார். அவ்வளவு நேரம் நான் வாய் திறக்கவில்லை. என் பிள்ளை குளத்தில் விழுந்திருக்கக்கூடும் என்று தெரிந்தும் திறக்கவில்லை. ராஜம் என்னைப் பார்த்தாள். பிறகு எனக்காகக் காத்திருக்காமல், வாத்தியம் நின்றிருந்த அந்த இடைவெளியில், அடிவயிற்றிலிருந்து கத்தினாள்: "மவுங் லே! லா பா!" தம்பி, வா என்று அர்த்தம்.

மாட்டுவண்டிகள் நின்ற பக்கத்திலிருந்து அழுகைச் சத்தம் வந்தது. வேர்க்கடலைக் கூடை வைத்திருந்த ஒரு பெண்பிள்ளையின் மடியில் அவன் உட்கார்ந்திருந்தான்.

"உன் புள்ளயா நைனா?" என்றாள் அவள். "எம்மா நேரமா கேட்டுக்கினு கீறேன். ஊடு எங்க, உங்கப்பன் பேரு இன்னான்னு. வாயே தொறக்கல. கையால வாய மூடிக்கினு கண்ணுல தண்ணி உட்டுக்கினு கீறான். சரி, ஊமைப் புள்ளன்னு நெனச்சிக்கினேன். தண்ணி குடுத்தா அண்ணாந்து ஊத்திக்கினு சொக்காயெல்லாம் நனச்சிக்கினான். சொம்ப கடிச்சிக் குடிடா, நான் ஒண்ணும் சொல்லலன்னேன். அதுக்கும் மாட்டன்றான். இன்னா புள்ள வளக்கிறே நீ?"

சுந்தரத்தை அவள் மடியிலிருந்து தூக்கிக்கொண்டேன். அவனுக்குத் தெரிந்த தமிழ் பயத்தில் போய்விட்டது. தெரிந்த மற்றொரு பேச்சுக்குப் படிக்கு வெளியே அனுமதி இல்லை.

திரும்பும் வழியில் முதலியார் எங்களோடு நடந்தார். ராஜம் கத்தியதைப் பற்றிக் கேட்பார் என்று எதிர்பார்த்து, எங்கள் பழைய பக்கத்து வீட்டார் பர்மாக்காரர்கள், பிள்ளைகள் இரண்டொரு சொல் கற்றுக்கொண்டார்கள் என்று தொடங்கினேன்.

"சும்மா கெட சார்" என்றார் முதலியார். "நடுவுல ஒரே செவுரு. தெனம் கேட்டுக்கினுதானே கீறோம். எங்க ஊட்டம்மாவுக்கு அந்தப் பேச்சு நாலு வார்த்த வரும். நீங்க ஆபீசுக்குப் போனதும் உங்க ஊட்டம்மாவும் அதுவும் கெணத்தண்ட ஒரே கும்மாளம். மா கின்னுதானே பேரு? நீங்கதான் கண்ணம்மான்னீங்க. சரி, சார் ஆசையா கூப்புட்ற பேரு போலக்குதுன்னு உட்டுட்டோம்." சிறிது தூரம் நடந்து, "இன்னிக்கு இட்டாந்திருக்கலாம். எங்க ஊட்டம்மா தோப்புல அவங்களுக்கு எடம் போட்டுக்கினு உக்காந்திருந்துச்சி" என்றார்.

ஜப்பான்காரனைப் பற்றிப் பேசியவனை நான் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு தரம்தான் பார்த்தேன். அவன் பேச்சை நம்பி வீட்டில் சட்டம் போட்டவன் நான். அப்படி ஒரு சட்டம் வேண்டுமென்று இந்த ஊரில் யாரும் என்னிடம் கேட்டதுமில்லை.

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. காற்று எங்கள் பக்கம் வீசியதால் தோப்பு நாதஸ்வரம் லேசாகக் கேட்டது. மா கின் உள்ளே, வாசலுக்கு நேராகப் பாயை விரித்து அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நடுவிடம் காலியாக இருந்தது. பூ தலையிலேயே இருந்தது. அவளுடைய பொட்டலமும் பிரிக்காமல் பக்கத்தில் இருந்தது.

சுந்தரம் என் கையை விட்டு ஓடினான். படிக்கு உள்ளே ஒரு காலை வைத்தான். மற்றொரு கால் வெளியே இருந்தது. "தா தா, ப்வே எப்படி இருந்தது?" என்று அவள் அவனைப் பர்மியத்தில் கேட்டாள். தா தா என்றால் மகனே; அப்படித்தான் அவனை எப்போதும் அழைப்பாள். அவன் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டு, வெளியே இருந்த தன் காலைக் குனிந்து பார்த்தான். திரும்பி என் முகத்தைப் பார்த்தான்.